பூட்டிய வீடுகளின் முறை

எஞ்சினியர் ஐயா, ஆனேக்கல் பக்கத்து அந்த ஊரில் குடிதண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே பள்ளத்தில் புதைத்தவர் நீங்கள்தான். காலரா வந்து மூன்று வீடுகளில் ஆளே மிஞ்சவில்லை.

அங்கே குழாயடிக் காவல்காரரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், இமைக்காத கண். தண்ணீர் வந்ததும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"முனியம்மா, கொடத்த எடுத்துக்கினு வாம்மா!" என்றார், ஒரு பூட்டிய வீட்டைப் பார்த்து. வரிசையில் நின்ற பெண்கள் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு விலகினார்கள். ஒரு குடம் நிறையும் நேரம் தண்ணீர் தரையில் கொட்டியது. பிறகுதான் அடுத்த பெயர்.

"செத்தவங்கள ஏன்யா கூப்பிடறே?" என்றேன்.

"கூப்பிடலேன்னா சண்டைக்கு வராங்க, சாமி."

அவர் சிரிக்கவில்லை. மற்ற பெண்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கப் பிடித்துப் போனார்கள். அந்தக் குழாயைச் சாக்கடைப் பள்ளத்திலிருந்து ஏன் இன்னும் பிரித்துப் போடவில்லை? ஊரைக் கூட்டி வைத்துப் பதில் சொல்லுங்கள்.