தலை எதுவரைக்கும்?

பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அக்காவின் மகளின் தலைமுடியை வழிக்க வந்த சலூன்காரர், குழந்தையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கத்தியைத் திரும்ப மடித்தார்.

"தலை எதுவரைக்கும் அம்மா?" என்று அக்காவின் மாமியாரைக் கேட்டார்.

அவள் என் பெறாமகள்; உடல் முழுவதும் முடியோடு பிறந்தவள். கன்னம், தோள், முதுகு எங்கும் மெல்லிய முடி. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் வெறுமை. தலைமுடி நெற்றியில் நிற்காமல் புருவம்வரை இறங்கியிருந்தது.

"முழுக்க வழியுங்கோ. உடம்பிலை ஒண்டும் மிஞ்சக்கூடாது" என்றார் மாமி.

அக்கா பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தலையை மட்டும் எண்டால் தாறன். முழுக்க வழிச்சாலும் திரும்ப வளரும். பிறகு கிழமைக்குக் கிழமை கத்தியோ மாமி? பிள்ளை தன்னை ஊத்தை எண்டெல்லே நினைக்கும்."

"பள்ளிக்கூடத்திலை மற்றப் பிள்ளையளின்ரை வாயை நீ பொத்துவியோ?" மாமியின் குரல் கடைசியில் உடைந்தது.

சலூன்காரர் எழுந்தார். "முப்பது வருசமா வழிக்கிறன். தலை எதெண்டு கேட்டது இண்டைக்குத்தான். கதைச்சு முடிவெடுங்கோ, பிறகு வாறன்."

அவருடைய கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கம்பஸில் விலங்கியல் படிக்கிறேன். தலைக்கு எல்லை எங்கே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதைக் காட்டிவிட்டால் உடம்பில் கத்தி படாது. "நான் கண்டுபிடிச்சுத் தாறன்" என்றேன்.

"கம்பஸுக்கு அனுப்பினது உதுக்கோ?" என்றார் மாமி. ஆனாலும் ஒரு கிழமைத் தவணை தந்தார்.

முதலில் நிறத்தை நம்பினேன். தலையில் கறுப்பு, முகத்தில் செம்பட்டை, நடுவில் கோடு இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. ஒன்று மற்றதற்குள் கரைந்து போனது. மூன்றாம் நாள் அக்கா குளிப்பாட்டித் துடைத்த பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் கிடத்தியபோதுதான் கண்டேன். ஒவ்வொரு முடிக்கும் ஒரு திசை இருந்தது. உச்சிச் சுழியிலிருந்து ஒரு ஓட்டம் முன்னால் வந்தது. கண்களின் உள்மூலையிலிருந்து இன்னொன்று நெற்றியில் மேலேறியது. தொண்டைமானாற்று வாயில் கடல்நீரும் ஏரிநீரும் முட்டும் இடத்தில் நுரை வரி நிற்குமே, அப்படி இரண்டும் சந்தித்த இடத்தில் முடி வரப்புப் போல எழுந்து நின்றது.

மாமியைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இதை ஆர் வாரிவிட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கருப்பையில் எங்கள் எல்லோருக்கும் மேலெல்லாம் முடி இருந்ததாம். பிறக்குமுன் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மரபணுவில் ஏதோ ஒரு சின்ன மாற்றம், இவளுக்கு உதிரவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நானும் அக்காவும் மாமியும் போட்டுக் கழற்றிய சட்டையை இவள் கழற்றாமல் வந்திருக்கிறாள்.

"எனக்குமோ?" என்றார் மாமி.

"ஓம் மாமி, உங்களுக்கும்."

பிறகு பிள்ளையைக் குப்புறக் கிடத்தினேன். அங்கே தோற்றுப் போனேன். உச்சியில் தொடங்கிய ஓட்டம் பிடரியைத் தாண்டி, எதிலும் முட்டாமல் முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு நாள் தேடினேன். பின்பக்கம் தலை முடியவே இல்லை.

"பாதித் தலைக்குத்தான் எல்லை இருக்கு" என்றேன் அக்காவிடம்.

அக்கா பிள்ளையின் பிடரியில் கையை வைத்துப் பார்த்தாள். "பின்னுக்கு என்ரை கை இருக்கும். கையிலை முட்டினவுடனை நிப்பாட்டட்டும்."

மாமி சலூன்காரருக்குப் போன் எடுத்து, வரச் சொன்னார்.

நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறார். அதற்கு முன் பிள்ளைக்குப் பால் கொடுத்து உறங்க வைக்க வேண்டும். புருவப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். நெற்றியில் அந்த வரப்பைத் தொட்டுக் கோடு இழுப்பேன். பின்னால் அக்காவின் கை. பிள்ளையை மடியில் வைத்திருக்கப் போவது தான்தான் என்று மாமி சொல்லியிருக்கிறார்.