முனியாண்டிக்கு நேர்ந்த கிடாவும் இருபத்து நாலு கோலும்

உலகத்தின் எந்த மூலையில் எவன் ஓடினாலும் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும். எவனோ எவனையோ குத்தினால் இவர் தாடையைத் தடவிக்கொள்வார். அப்படி ஒரு விளையாட்டுப் பைத்தியம். கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குடி உண்டா, சூது உண்டா என்று என் அப்பா நாலு இடத்தில் விசாரித்தாரே தவிர, பந்து உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மலாய்ச் சீமையில், பெக்கோக்கை அடுத்து, கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். நான் பால்வெட்டு; மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவருக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு விறகுப் புகை போட வேண்டும். அந்தப் புகை வாசலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வடிய வடியப் பேப்பர் படிப்பார். பார்க்கிறவர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துக்கொண்டு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள்.

சிங்கப்பூரில் அச்சாகும் தமிழ்ப் பேப்பர் ரயிலில் பெக்கோக்குக்கு வரும். ஸ்டேஷன் பக்கத்தில் கோப்பிக் கடை வைத்திருந்த மலையாள முஸ்லிம் காக்கா முதலில் படிப்பார். பிறகு கடைக்கு வருகிறவர்கள் படிப்பார்கள். எல்லாரும் படித்து, கோப்பிக் கறையெல்லாம் பட்ட பிறகு, அந்த வாரத்துப் பேப்பர்களைச் சுருட்டி ஞாயிற்றுக்கிழமை இவரிடம் கொடுப்பார். ஊருக்கெல்லாம் ஆறிப்போன செய்தி, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வரும்போது சுடச்சுட இருக்கும்.

நான் சொல்வது முப்பத்திரண்டாம் வருஷத்துக் கதை. அமெரிக்காவில் ஒலிம்பிக் நடந்த வருஷம். அந்த வருஷத்து ஆட்டங்களையெல்லாம் வெட்டி, எங்கள் அறையின் பலகைச் சுவரில் சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டிக்கொண்டே வந்தார். இந்தியர்கள் முதன்முதலாக லண்டனில் வெள்ளைக்காரனோடு பெரிய கிரிக்கெட் ஆட்டம் ஆடித் தோற்றது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. தோற்றதை எதற்கு ஒட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ஆடக் கூப்பிட்டானே, அதுவே பெரிசு என்றார். அதற்குக் கீழே, ஜெர்மன்காரனிடமிருந்து குத்துச்சண்டைப் பட்டத்தை அமெரிக்கன் பறித்த கதை. அந்தத் தீர்ப்பு சரியில்லை என்று இவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. டென்னிஸ் கோப்பையைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் சுவரில் இருந்தது. ஈட்டியும் எறிந்து, தடையும் தாண்டி ஓடி ஜெயித்த ஓர் அமெரிக்கப் பெண்பிள்ளையின் செய்தியை மட்டும் அடுப்புப் பக்கம் ஒட்டச் சொன்னேன். விடியுமுன்னே எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடிப் பேர் கொடுக்கிறவள் நான்; பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. ஓடுகிற பொம்பளையைப் பற்றி ஒன்றாவது என் கண்ணெதிரில் இருக்க வேண்டாமா?

ஆனால் அவருடைய உயிர் ஹாக்கியில்தான் இருந்தது. கொய்யாக் கிளையை வளைத்து மட்டை செய்து, தோட்டத்துப் பஞ்சாபி வாட்ச்மேனோடு பெரட்டுக் களத்தில் ஆடுவார். கால் முட்டியில் காயமில்லாத நாள் கிடையாது. இந்தியர்கள் ஹாக்கி ஆடக் கப்பலேறி அமெரிக்கா போகிறார்கள் என்று படித்ததிலிருந்து, தானே பெட்டி கட்டியவர்போல நடந்துகொண்டார்.

இனி என் கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கித்தா விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்த காலம் அது. மூவார் பக்கம் இருந்த என் அப்பா அம்மாவுக்கும் பேர் வெட்டி, ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். போவதற்கு முன்னால் அப்பா என்னைப் பார்க்க வந்தார். கல்யாணத்துக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை, இதையாவது வைத்துக்கொள் என்று பால்குடி மறக்காத கறுப்புக் குட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். அந்தக் கையோடு போனவர்தான். இந்தச் சீமையில் எனக்கென்று தாய்வீட்டு வாசனை மிச்சம் இருந்தது என்றால் அந்தக் குட்டிதான். கஞ்சித் தண்ணீர் ஊட்டி வளர்த்தேன். நான் என் நிரையில் வரிசையாக மரங்களை வெட்டிக்கொண்டு போகும்போது பின்னாலேயே வரும். வேர்வை உப்புக்காக என் முழங்கையை நக்கும். பிள்ளைபோல என்று சொன்னால் மிகை. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்காது, இது கேட்டது.

கஞ்சி குடித்து வளர்ந்த ஆடு, கஞ்சி தடவிய காகிதத்தை விடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. இந்தியர்கள் ஜப்பான்காரர்களை ஹாக்கியில் அடித்துத் துவைத்துவிட்டார்கள். இவர் தலைப்பை மட்டும் படித்தார்; சந்தோஷம் தாங்காமல் முழுப் பக்கத்தையும் அப்படியே சுவரில் ஒட்டிவிட்டு, சிநேகிதர்களைக் கூப்பிட ஓடினார். அவர்களோடு திரும்பி வந்தபோது சுவரில் ஈரம் மட்டும் இருந்தது. கிடாவின் வாயோரத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவோடு அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று அந்தப் பக்கத்தில்தான் போட்டிருந்ததாம். வந்தவர்களில் ஒருவன், "அண்ணே, கிடா ஒங்களுக்கு முந்திப் படிச்சிருச்சு" என்றான். லயமே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. இவருக்குக் கோபம் வருவதே அபூர்வம். வந்தால் கண் மண் தெரியாது. விறுவிறுவென்று தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் போனார். கோயில் என்றால் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். எல்லார் முன்னாலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து சூலத்தில் கட்டினார்.

"நம்ம ஆளுங்க அமெரிக்காக்காரன ஜெயிச்சா, பேப்பரத் தின்ன இந்தக் கிடாவையே ஒனக்கு வெட்டுறேன், முனியாண்டி."

திரும்பி வரும்போதே அவர் முகம் செத்திருந்தது. செய்த காரியம் பாதி வழியில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் காசு முடிந்தது முடிந்ததுதான். முனியாண்டியிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த வாரம் நான் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவரிலும் அவருடைய ஆட்கள்தான். பெக்கோக் வட்டாரத்திலேயே அமெரிக்கா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த ஞாயிறு பேப்பர் வந்தது. இருபத்து நாலு கோல். அமெரிக்கா போட்டது ஒன்று. நான் கும்பிட்ட கும்பிடுக்கு அந்த ஒரு கோல்தான் பலன்.

லயத்தில் தகர டின்னைத் தட்டி ஆடினார்கள். வாட்ச்மேன் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்தைச் சுற்றி வந்தார். தோளிலிருந்து இறங்கியவரின் கண் என் கிடாமேல் விழுந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேர்த்திக்கடன் முடிந்த பிறகுதான் சுவரில் ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. அந்தப் பேப்பரை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆட்டம் நடந்தது வியாழக்கிழமை. இவர் காசு முடிந்ததோ அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்து முடித்துக் குளித்துத் தூங்கி எழுந்தவர்களுக்காக இவர் இங்கே வேண்டியிருக்கிறார். நேரே போய்ப் புகைக்கூடத்து வாசலில் நியாயம் கேட்டேன். எங்களுக்குப் பேர் போடுகிற கங்காணியும் இருந்தார். எங்களோடு மரம் வெட்டுகிற பூசாரியும் இருந்தார். கூடியவர்களில் ஒருவர், சாமிக்கு முன்னதும் பின்னதும் ஒன்றுதான் என்றார். இன்னொருவர், இது தாலி கட்டின பிறகு பெண் பார்க்கப் போன கதை என்றார். கறி கிடைக்காத பஞ்ச காலம் அல்லவா, பெரும்பாலும் சாமி பக்கமே பேசினார்கள். பக்தியைவிட நாக்குக்கு வேகம் அதிகம்.

நான் கங்காணியைப் பார்த்துக் கேட்டேன்: "நான் வெட்டாத நிரைக்கு எனக்குப் பேர் போடுவீங்களா, கங்காணிய்யா? வேலை முடிஞ்சப்புறம் வந்து நின்னா அரைப் பேராச்சும் கொடுப்பீங்களா? சாமிக்கு மட்டும் செய்யாத வேலைக்குக் கூலியா?"

கங்காணி என்றைக்கும் யாருக்கும் சும்மா பேர் போட்டவர் இல்லை. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி வெற்றிலையைக் குதப்பித் துப்பிவிட்டு, இதை நாம் பேசி என்ன, வாங்க வேண்டியவரையே கேட்டுவிடுவோம் என்றார். கிடாவின்மேல் தண்ணீர் தெளிப்பது. உடம்பைச் சிலிர்த்து உதறினால் முனியாண்டி ஏற்றுக்கொண்டார். மூன்று தடவை தெளித்தும் உதறாவிட்டால் அவருக்கு வேண்டாம். எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் உதறாத கிடாவை நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் பட்டால் ஆடு உதறாமல் என்ன செய்யும்?

அடுத்த சனிக்கிழமை இவர் வேலை முடிந்து கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்துக்குப் போய், ஒருவருடைய தென்னைகளில் ஏறிக் காய் பறித்துக் கொடுத்துவிட்டு, கூலியாக ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்தார். கறிக் குழம்புக்குத்தான் இவ்வளவு தயாரிப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் கிடாவைத் தானே ஆற்றுக்கு ஓட்டிப் போனார். என்னை வர வேண்டாம் என்றார். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி மாலை போட்டுக் கூட்டி வந்தபோது கிடா மினுமினுவென்று இருந்தது. லயத்துப் பெண்கள் வாய்விட்டு மெச்சினார்கள். கல்யாண மாப்பிள்ளையைக் கொண்டுபோவதுபோலக் கொல்லக் கொண்டுபோகிறாரே, இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். உண்மையாகவே வெறுத்தேன்.

கோயிலில் ஒரு குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் கூடியிருந்தது. மசாலா அரைத்துத் தயாராக வைத்துவிட்டுத்தான் பெண்கள் வந்திருந்தார்கள். பூசாரி முதல் செம்புத் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினார். கிடா என்னைப் பார்த்து, "ம்மே" என்றது. உதறவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. இரண்டாவது செம்பு. கிடா தன் மாலையிலிருந்தே ஒரு செம்பருத்தியைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அரிவாள் பிடித்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான். மூன்றாவது செம்பைப் பூசாரி தலையிலிருந்து வால்வரை நிதானமாக ஊற்றினார். அமெரிக்காவில் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள்கூட அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள். கிடா பூவை மென்றுகொண்டே நின்றது.

முனியாண்டிக்கு வேண்டாமாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். செய்யாத வேலைக்குக் கூலி வாங்காத சாமி என்று கங்காணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஓடிப்போய்க் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். இவர் தேங்காய் மூட்டையை இழுத்து வந்தார். கோலுக்கு ஒன்றாக இருபத்து நாலு தேங்காய் உடைத்தார். ஒவ்வொன்றுக்கும் வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தினார். அரைத்த மசாலாவை வீணாக்காமல் பலாக்காய்க் குழம்பு வைத்தோம். கறி மாதிரியே இருக்கிறது என்று எல்லாரும் பொய் சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்கள். லயத்தில் ஒரு வாரத்துக்குத் தேங்காய்ச் சட்டினிதான்.

மத்தியானம் கிடாவைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மஞ்சளைக் கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் தண்ணீர் ஒட்டவில்லை. சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. விரலை விட்டு ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். தோல்வரைக்கும் பிசுபிசுவென்று தேங்காயெண்ணெய். மோந்து பார்த்தேன். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய என் தலை எண்ணெய். அப்போதுதான் அந்தத் தேங்காய் மூட்டை சனிக்கிழமையே வந்தது ஞாபகத்துக்கு வந்தது. கிடாவை வெட்டப் போகிறவனுக்கு இருபத்து நாலு தேங்காய் எதற்கு?

உள்ளே போனேன். என் எண்ணெய் பாட்டில் அடுப்பங்கரையில் காலியாக இருந்தது. இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இத்தனை நாள் சட்டைப்பையில் வைத்திருந்த அந்தப் பேப்பருக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்.

"தலைக்கு எண்ணெய் இல்லீங்க" என்றேன்.

"தேங்காதான் நெறையக் கெடக்குதே. ஆட்டிக்கலாம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

சாமியை ஏமாற்றிய மனுஷனோடு வாழ்கிறோமே என்று ஒரு பக்கம் பயமாக இருந்தது. மறு பக்கம், இவருக்கு முன்னால் யாரும் எனக்காக இவ்வளவு துணிந்ததில்லை என்று தோன்றியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் இவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அந்த வருஷத்திலேயே பெரிய செய்தியைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒட்டினார்.

"அங்க ஒட்டினா அதுக்கு எட்டுமேங்க" என்றேன்.

"எட்டட்டும். அவனும்தான் ஜெயிச்சிருக்கான். படிக்கட்டும்."

நான் போய்க் கிடாவை அவிழ்த்துவிட்டேன்.