கேரவனில் ஏர்கான் பொருத்திய நவம்பர்

அந்த வருடத்து நாட்குறிப்பின் நவம்பர் பக்கங்களில் தினமும் இரண்டு எண்கள் எழுதியிருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கேரவனுக்குள் இருந்த வெப்பம் ஒன்று, மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் இருந்த வெப்பம் இன்னொன்று. வெளியே இருபத்திரண்டு டிகிரி இருந்த நாளில் உள்ளே முப்பத்தாறு. அலுமினியத் தகடு போர்த்திய பெட்டி அது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் வெயில் பார்ப்பதற்கு மென்மையாக இருக்கும். தகட்டின் மேல் விழுந்தால்தான் அதன் குணம் தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பைக் கவனிக்கும் வேலை கிடைத்ததும், அதற்கு அருகில் ஒருவருடைய வீட்டுப் பின்புறத்தில் பழைய கேரவன் ஒன்றை வாங்கி நிறுத்திக்கொண்டேன். சொந்த வீட்டுக்கு முன்பணம் சேரும்வரை இது போதும் என்பது என் திட்டம். வார நாட்களில் கிடங்கில் பேச ஆள் இருக்கும். சனி, ஞாயிறில் சில சமயம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். திங்கள் காலையில் முதல் வார்த்தை சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் மனைவி ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான விண்ணப்பத்தை அவள் வாங்கி வைத்திருந்தாள், நிரப்பவில்லை. அக்டோபரில் தொலைபேசியில் சொன்னாள்: "ஸ்கூல் லீவுல மூணு வாரம் வந்து பாக்குறேன். இருக்க முடியும்னா திரும்பிப் போன உடனே கொடுத்துடுறேன். முடியலன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன்.

"அந்தத் தகர டப்பால வெந்து போக மாட்டேன்தானே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மறுநாள் நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன்.

வீட்டுக்காரர் ஃபீஜி இந்தியர். மூன்று தலைமுறைக்கு முன்னால் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். பென்ரோஸில் குளிர்பதனக் கிடங்குகளைப் பராமரிக்கும் மெக்கானிக். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். ஆங்கிலமும் அவர்களுடைய இந்தியும் கலந்துதான் பேசுவார். நான் அவர் பேச்சைத் தமிழாகவே குறித்து வைத்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தைப் பிரித்தபோது கழற்றிப் போட்ட சின்ன ஸ்பிளிட் ஏர்கான் ஒன்று அவருடைய பட்டறையில் கிடந்தது. அதைக் கேட்டேன்.

"அண்ணா, இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட ஹீட்டர் கேக்குறான். நீ ஒரு ஆள்தான் ஏர்கான் கேக்குற."

"வர்றவ ஈப்போவுல இருந்து வர்றா. அங்க ஏர்கான் இல்லாத ரூம்ல விருந்தாளியப் படுக்க வைக்க மாட்டோம்."

"பொண்டாட்டி விருந்தாளியா?"

அளவு நாடாவை எடுத்து, பின்கட்டிலை ஒட்டிய பக்கச் சுவர் ஜன்னலுக்கு மேலிருந்த இடத்தை அளந்தேன்.

மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. முதல் சனிக்கிழமை சுவர். கேரவன் சுவரில் ஒட்டுப்பலகை கால் அங்குலம்கூட இல்லை. ஏர்கானின் உள்பகுதியை அதில் நேராகத் திருகினால் பிய்த்துக்கொண்டு விழும். விரலால் தட்டித் தட்டி உள்ளே மரச்சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, கட்டக் காகிதத்தில் வரைந்து, மூன்று சட்டங்களைத் தொடும்படி ஒரு தடித்த பலகையை முதலில் அடித்தேன். அதன் மேல்தான் ஏர்கான். இரண்டாம் சனிக்கிழமை வெளிப்பகுதி. கேரவனைக் காரோடு கோக்கும் முன்பக்க இரும்புச் சட்டத்தில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், அதற்கு ஒரு மேடை அமைத்தோம். அதிர்வு உள்ளே வராமல் இருக்க நான்கு ரப்பர் துண்டுகள். மூன்றாம் சனிக்கிழமை செப்புக் குழாய்களும் மின்சாரமும். மின்சாரத்துக்கு லைசென்ஸ் உள்ள ஒருவரை வீட்டுக்காரர் அழைத்து வந்தார், அவர் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"நீ என் பொண்டாட்டிய விட மோசம்" என்றார் வீட்டுக்காரர். "நான் துளை போட்டு முடிக்கல, நீ தூசி துடைக்கிற."

குழாய்களில் இருந்த காற்றை வேக்குவம் பம்ப் வெளியே இழுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவர் மனைவி ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கொண்டு வந்தார். மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த வீட்டுக்கு நான் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றுதான் அவர்களோடு முதல் முறை சேர்ந்து சாப்பிட்டேன் என்பதை அன்றைய குறிப்பை எழுதும்போதுதான் கவனித்தேன்.

கடைசியாகச் செய்தது மட்டம் பார்ப்பது. ஏர்கான் ஓடும்போது உள்ளே தண்ணீர் சேரும். அது ஒரு சிறிய தட்டில் விழுந்து, முன்பக்கமாக ஒரு குழாய் வழியே வெளியேற வேண்டும். அதற்குக் கேரவன் முன்பக்கம் இம்மியளவு தாழ்ந்திருக்க வேண்டும். கேரவனின் நான்கு மூலைக் கால்களுக்கும் அடியில் மரக்கட்டைகள் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் வெளியே கால்களைத் திருக, நான் உள்ளே முன்பக்க இருக்கையில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ரசமட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆள் இருக்கும்போது எப்படி நிற்கிறதோ அதுதான் சரியான அளவு என்பது என் கணக்கு. இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். வெளியே வைத்த வாளியில் தண்ணீர் சொட்டியது. உள்ளே ஒரு துளி இல்லை.

அவள் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தாள். அதற்கு முன் இரண்டு நாள் நல்ல மழை. விமான நிலையத்தில் ஸ்வெட்டரோடு இறங்கினாள். கேரவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள். ஏர்கானைப் போட்டதும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேங்க் மாதிரி இருக்கு லா. டோக்கன் எடுக்கணுமா?"

அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்பக்கத்தில் இருந்த பெரிய கட்டிலை அவளுக்காக ஒழித்து வைத்திருந்தேன். அதுவரை அதில் பெட்டிகள்தான் இருந்தன, நான் முன்பக்க இருக்கையிலேயே படுத்துக்கொள்வேன். சூட்கேஸ்கள் இரண்டையும் கட்டிலருகே வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, பள்ளி விளையாட்டுப் போட்டியின் படங்களை எடுத்தாள். "இங்க வாங்க, பக்கத்துல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அணிக்கொரு நிறத்தில் சட்டை போட்ட பிள்ளைகள். யார் யார் எப்படி ஓடினார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் இருக்கும். ஏர்கானின் பின் ஓரத்திலிருந்து தண்ணீர் கட்டில் விரிப்பில் சொட்டியது.

நான் துள்ளி எழுந்து ரசமட்டத்தைத் தேடினேன். மழையில் நெகிழ்ந்திருந்த களிமண்ணில் பின்பக்க மரக்கட்டைகள் இறங்கியிருந்தன. இரண்டு பேரும் இரண்டு சூட்கேஸும் பின்னால் இருந்தது அதற்குப் போதும். தட்டில் இருந்த தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் பின்னால் ஓடி வழிந்தது.

"நீ கொஞ்சம் முன்னாடி வந்து உக்காரு" என்றேன்.

அவள் படங்களை எடுத்துக்கொண்டு முன்பக்க இருக்கைக்கு வந்தாள். சூட்கேஸ்களையும் நகர்த்தினேன். சொட்டுவது நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளுக்கு அதை விளக்கினேன், காகிதத்தில் படம்கூடப் போட்டேன்.

"அப்ப நான் கட்டில்ல உக்காரக் கூடாதா?"

"ஏர்கான் ஓடும்போது மட்டும்."

பாக்கிப் படங்களை அன்று நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் ஓர் ஒழுங்கு உண்டாகிவிட்டது. பகலில் ஏர்கான் ஓடினால் அவள் முன்பக்க இருக்கையில் இருப்பாள். நான் வேலையிலிருந்து வந்தால் அவளுக்கு எதிரே உட்காருவேன். படுக்கப் போகும்போது நிறுத்திவிடுவோம். சூட்கேஸ்கள் கதவோரம். அவள் எதையும் மறுக்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவி அவளைக் கோயிலுக்கும், டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனை மளிகைக் கடைக்கும் அழைத்துப் போனார். ஒரு நாள் நான் ஐந்தரைக்கு வந்தபோது, கேரவன் கதவு சாத்தியிருந்தது, ஏர்கான் நின்றிருந்தது. அவள் வேலியோரம் எலுமிச்சை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொண்டு வந்திருந்த கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கலாம்ல? முப்பத்தஞ்சு டிகிரி ஆகியிருக்குமே."

"உள்ள போனா எங்க உக்காரணும்னு யோசிக்கணும். இங்க அது இல்ல."

"முன்னாடி சீட்டுதான். அதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, "டீ போடவா?" என்று கேட்டாள்.

இரண்டாம் சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து கால்களைக் குனிந்து பார்த்தார். "அண்ணா, மரக்கட்டை எல்லாம் தூக்கிப் போடு. பெரிய கான்கிரீட் ஸ்லாப் நாலு வச்சா முடிஞ்சுது. என் வண்டியிலேயே கொண்டு வர்றேன், இன்னைக்கே போடலாம்."

அவசரமாகச் செய்தால் மட்டம் சரியாக வராது என்று எனக்குத் தோன்றியது. ஏர்கானையே கழற்றி மாட்ட வேண்டியிருக்கலாம். "இப்ப வேணாம்" என்றேன். "அவ போனதுக்கு அப்புறம் பொறுமையா செய்யலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்தபடி ஒரு போர்வையின் மூலைகளை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை சோறு போடும்போது கேட்டாள்: "நான் போனதுக்கு அப்புறம் என்னென்ன வேலை வச்சிருக்கீங்க?"

முகத்தில் கோபம் இல்லை. கேலி மாதிரிகூட இருந்தது. நான் பட்டியல் சொன்னேன். கால்கள், கூரையில் ஒரு விரிசல், குளிர்காலத்துக்கு முன்னால் ஜன்னல் ரப்பர். நான்காவதைச் சொல்லும்போதுதான், அவள் கேட்டது பட்டியலை அல்ல என்று புரிந்தது. அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "நீ இருந்தாலும் செய்யலாம்" என்று அப்போது சொல்லியிருக்கலாம். அன்றைய பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். அவளிடம் சொன்னதாகக் குறிப்பு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், காரில் சொன்னாள்: "அந்த விண்ணப்பத்த இந்த வருஷம் கொடுக்கலங்க."

"கேரவன்னாலயா? அடுத்த வருஷம் எப்படியும் வீடு வாங்கிடலாம்."

"கேரவன் நல்லாத்தான் இருக்கு. நீங்க நல்லா வச்சிருக்கீங்க."

கோவித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். உள்ளே போவதற்கு முன், "காலைல பசியாறாம வேலைக்குப் போகாதீங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரும் நானும் கேரவனை ஜாக்கியால் தூக்கி, மண்ணைக் கெட்டிப்படுத்தி, நான்கு கான்கிரீட் ஸ்லாப்புகளை வைத்தோம். ஏர்கானைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. சோதித்துப் பார்க்கப் பின்பக்கம் எடை வேண்டும். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கட்டிலில் போய் உட்கார்ந்தார்கள். அவர் வேண்டுமென்றே குதித்துக் காட்ட, அந்த அம்மா அவர் முதுகில் அடித்துச் சிரித்தார். நான் முன்பக்கம் நின்று ஏர்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு துளி விழவில்லை. அவர்கள் போன பிறகு விரிப்பைத் தட்டிச் சரி செய்தேன்.

புது வருடம் பள்ளி திறந்த முதல் ஞாயிறு, டெய்ரி வாசலில் இருந்த தொலைபேசியில் கார்டைப் போட்டு அவளை அழைத்தேன். கால்களைச் சரி செய்துவிட்டதைச் சொன்னேன்.

"இப்ப பின்னாடி ரெண்டு பேர் உக்காந்தாலும் சொட்டாது."

"யாரு உக்காந்து பாத்தாங்க?"

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அவங்க ரெண்டு பேருமா? கட்டில் தாங்குச்சா?"

கால்களைச் சரி செய்ய எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வருடம் தனக்கு நான்காம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், நாற்பத்திரண்டு பிள்ளைகள், செவ்வாயும் வியாழனும் மதியத்துக்கு மேல் கூடுதல் வகுப்பு என்றாள். பேனாவை எடுத்து, எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று கேட்டேன். அங்கே இரண்டு மணி என்றால் இங்கே ஏழு. அவள் ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். கார்டு தீரும்வரை எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுப்போயிற்று.