ரயிலின் பின்பாதி

என் அப்பா யாங்கோனில், அலோன் பகுதித் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். இதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். ஜெர்மன் படித்துத் தேறி, அதையே பிறருக்குச் சொல்லிக்கொடுத்து, சொந்தச் சம்பளத்தில் விமானம் ஏறினேன். கூட வந்தவள் அதே ஊரின் லத்தா பகுதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண், என் பள்ளித் தோழி. அவர்கள் கடை மூட்டைகளும் அப்பாவின் கிடங்கில்தான் இறங்கும். அவளுக்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. "நீ இருக்கேல்ல, எனக்கென்ன பயம்" என்று சொல்லித்தான் கிளம்பினாள்.

முதுகில் பையோடு கொலோன், ஹாம்பர்க், லைப்சிக் என்று சுற்றினோம். ரயில் பலகைகளை வாசித்ததும் விடுதிகளில் பேசியதும் நான். ஹாம்பர்க்கில் அவளுக்கு வயிறு கெட்டபோது மருந்துக்கடைக்காரியிடம் விவரமாக எடுத்துச் சொன்னதும் நான்தான்.

மியூனிக் விடுதியின் சமையலறையில் சென்னையிலிருந்து படிக்க வந்த இரண்டு பெண்களைச் சந்தித்தோம். தமிழைக் கேட்டதும் இவளுக்கு உற்சாகம். நான் திரும்பி நின்று நூடுல்ஸ் வடித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க உங்க அக்காவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஐயோ, இல்ல! எங்க கடைக்கு மூட்டை தூக்குற ஆளோட மக. தனியாப் போவாதேன்னு அம்மா சொன்னாங்க. அதான் துணைக்குக் கூட்டியாந்தேன்."

மூட்டை தூக்குவது உண்மை. கூட்டிவந்தது பொய். தட்டை அவள் முன்னால் வைத்தேன். "உப்பு கொஞ்சம் கம்மிடி" என்றாள். அந்தப் பொய்யை அவள் வாயாலேயே திரும்ப எடுக்கவைப்பேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை தெற்கே ஓர் ஏரிக்கரை ஊருக்கு ரயில் ஏறினோம். வழியில் அறிவிப்பு வந்தது, ஜெர்மனில் மட்டும். அடுத்த நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். ஏரிக்குப் போவது முன்பாதி. நாங்கள் இருந்தது பின்பாதி.

ரயில் நின்றதும் பையை மாட்டினேன். "நான் முன்னாடிப் பெட்டிக்குப் போறேன்."

ஜன்னலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "போயேன். எங்க உக்காந்தா என்ன, ரயில் ஒண்ணுதானே?"

யாங்கோன் வட்ட ரயிலில் ஏறி வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். அவள் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஏரிக்கரையில் நல்ல வெயில். நான் எடுக்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து, ஒரு டிக்கெட் பரிசோதகர் சரியான ரயிலில் ஏற்றிவிட, அவள் வந்து சேர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "ஏண்டி சொல்லல?"

"துணைக்கு வந்தவகிட்டயா வழி கேப்பாங்க?"

அவளுக்குப் புரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊர் திரும்பியும் பேச்சில்லை.

இந்த வருஷம் யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் நான் நடத்தும் ஜெர்மன் வகுப்பு நிரம்பி வழிகிறது. ஜெர்மனியில் நர்ஸ் பயிற்சிக்குப் போக எல்லோருக்கும் மொழி வேண்டும். போன மாதம் அவளும் வந்து நின்றாள். "உன்னையும் சயாமான்னு கூப்பிடணுமோ?" பர்மியர்கள் ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள்.

"வெளிய என்ன வேணா கூப்பிடு. உள்ள சயாமா."

முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்வது வழக்கம். நானும் அவளும் பள்ளித் தோழிகள், ஜெர்மனியைச் சேர்ந்து சுற்றினோம் என்று அவள் பர்மியில் பெருமையாகச் சொன்னாள். வகுப்பு கைதட்டியது.

"யார் யாரைக் கூட்டிப் போனது?" என்று நானும் பர்மியிலேயே கேட்டேன்.

அவள் முகம் கறுத்தது. "சயாமாதான் என்னைக் கூட்டிப் போனாங்க."

"பின் வரிசைக்குக் கேக்கல."

மறுபடி சொன்னாள், சத்தமாக.

வகுப்பு முடிந்ததும் பாடப்புத்தகம் வாங்க மேசைக்கு வந்தாள். நான் கொடுக்கவில்லை. "அந்தச் சென்னைப் பொண்ணுங்க நம்பர் ஒங்கிட்ட இருக்குல்ல? அங்க சொன்னத அங்கயும் திருத்து."

"இன்னுமாடி கோவம் தீரல?"

"தீரல."

அவள் கைபேசியை எடுத்து அந்தப் பெண்களில் ஒருத்தியை அழைத்து, எனக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.