மலை கேட்டவள்

1976 அக்டோபர். தலைமன்னாரில் கப்பலேறி வந்திறங்கிய இன்பமேரியை தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் ஓர் அதிகாரி கேட்டார்: சமவெளியில் நூல் மில் வேலையா, மலைத்தோட்டமா? வழியெல்லாம் மில்லைப் பற்றியே பேசிவந்த கணவன் சிங்கராயர் வாயைத் திறப்பதற்குள், "மலைதாங்க" என்று சொல்லிவிட்டாள். ஹட்டன் பக்கம் பிறந்து, கொழுந்து கிள்ளியே வளர்ந்தவள். மலை என்றால் தேயிலை, தேயிலை என்றால் வருடம் முழுக்க வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர்களை அனுப்பியது ஏற்காட்டு மலைக்கு. வாழவந்திக்கு அருகே ஒரு காப்பி எஸ்டேட்; குடியிருக்க அங்கேயே ஒரு வீடு. தை வரை பழம் பறித்தார்கள். கொழுந்துக்குப் பழகிய விரல் பச்சைக் காயையும் சேர்த்து உருவியது. திட்டு வாங்கித் திருந்தினாள். மாசி பிறந்ததும் வேலை நின்றுபோனது.

அடுத்த பறிப்பு எப்போது என்று பக்கத்துக் காட்டுக்காரி வெள்ளையம்மாளிடம் விசாரித்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏம்புள்ள சிலோன்காரி, இனிமேத்தான் பூவே வைக்கோணும். கார்த்திகை வரைக்கும் செடியப் பாத்துட்டு உக்காந்திரு."

முகாமுக்கு எழுதி, மில்லுக்கு மாற்றிக் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான் என்று பதில் வந்தது. சிங்கராயர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சேலத்தில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை பிடித்தார்; படுக்கையும் மூட்டைகளுக்கு நடுவேதான். எங்கே படுத்தாலும் சரி, தானும் வருவேன் என்றாள் இன்பமேரி. வேலை திரும்பும் வரை போய்வர எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணியிடம் அனுமதி கேட்டாள்.

"தாராளமா போங்கம்மா. ஆனா கூப்புடற அன்னைக்கு ஆள் இல்லீன்னா, ஊட்டுக்கு வேற ஆள் வந்துருமுங்க."

"எப்ப கூப்புடுவீங்க ஐயா?"

"மழை பேஞ்சாங்க."

"மழை எப்ப பெய்யும்?"

ரைட்டர் வானத்தைக் காட்டினார்.

வீட்டை விட்டால் சேலத்தில் கூரை இல்லை. வீட்டில் இருந்தால் புருஷன் இல்லை. தீவில் அவர்கள் இருந்த லயம் என்ற வரிசை வீடும் மாட்டுப்பட்டி மாதிரிதான், ஆனால் குடும்பம் மொத்தமும் ஒரே பட்டிக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த சிங்கராயரிடம், மில்லுக்கே போயிருக்கலாம் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"நீ சொல்லாட்டி நான் மலைன்னு சொல்லியிருப்பேன் புள்ள," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் அவர் மலையிறங்கிப் போனார். மழை பங்குனிக் கடைசியில் பெய்தது. எஸ்டேட்டில் கூப்பிட்டார்கள். வேலை இரண்டு நாள் இருந்தது.