நாலு பேருக்கான வீட்டுக்கு மூன்று கையெழுத்து

போன வாரம் கனடாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சுன்னாகத்தில் தொடங்கி வல்லை வெளி, உடுப்பிட்டி, கொடிகாமம் என்று ஒரே நாளில் சைக்கிளில் சுற்றி வர முடியுமா? முடியும். நான் சுற்றியிருக்கிறேன். விருப்பப்பட்டு அல்ல. 1993 ஆவணியில், தென்மேற்குச் சோளகக் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிற நாட்களில், ஒரு படிவத்தில் நானே விட்ட பிழையைத் திருத்தப் போனேன். இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது.

அப்போது நான் தெல்லிப்பழைப் பக்கத்துப் பிரதேச சபையொன்றில் லிகிதர். 1990இல் சண்டையால் ஊர் இடம்பெயர்ந்தபோது சபையும் கூடவே இடம்பெயர்ந்து, சுன்னாகத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு மேசையோடு இருந்தது. எங்கள் சனம் எல்லாத் திக்கிலும் சிதறியிருந்தது. அவர்கள் இருந்த இடத்துச் சபை "இவை எங்கடை ஆக்கள் இல்லை" என்றது. எங்கள் சபைக்கோ வீடு கட்டிக் கொடுக்க ஒரு பிடி மண் இல்லை. கடைசியில் எங்கள் சபை, உடுப்பிட்டிப் பக்கத்துச் சபை, கொடிகாமத்துச் சபை மூன்றும் தங்கள் சந்தைக் குத்தகை வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டு, வீடில்லாதவர்களுக்கு மலிவாக வீடு கட்ட ஒரு நிதி தொடங்கின. சீமெந்து வராத காலம். சுண்ணாம்புச் சாந்து, பனைமரம், கூரைக்குக் கிடுகு, அவ்வளவுதான். மூன்று பேர் வரை உள்ள குடும்பத்துக்கு ஓர் அறை, நாலு பேர் என்றால் இரண்டு அறை. ஒவ்வொரு படிவத்திலும் மூன்று செயலாளர்களும் கையெழுத்து வைக்க வேண்டும்.

படிவங்களை நிரப்பியது நான்தான். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் இருந்த பரமேஸ்வரி அக்காவின் படிவத்தில் விண்ணப்பகாரர் என்ற இடத்தில், கேட்காமலே அவருடைய கணவரின் பெயரை எழுதிவிட்டேன். காணியோ அக்காவுக்குத் தாய்வழியில் வந்த சீதனக் காணி, கொடிகாமத்தில் இரண்டு பரப்பு. உறுதிப் பத்திரமும் அக்கா பெயரில். நானே மனைவியின் சீதன வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பிழையை விட்டேன் பாருங்கள். எங்கள் ஊரில் வீடு வளவு பெண்ணுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் மட்டும் கை தானாக ஆம்பிளையின் பெயரை எழுதும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆம்பிளை இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, மாட்டை அவிழ்த்துவிட்டு வாறன் என்று பாதி வழியில் திரும்பிப் போனவர். மூன்று வருடமாகச் சேதி இல்லை.

காலை 6.15க்கு எங்கள் செயலாளர் வீட்டில் நின்றேன். அன்று பின்னேரம் கொடிகாமத்தில் வீடு பெறுபவர்களின் பட்டியல் மூடப்படும்.

"புதுப் படிவம் அந்தப் பரமேஸ்வரிப் பிள்ளையின்ரை பேரிலை எழுதும்," என்றார். "இருக்கப்போறது எத்தினை பேர்?"

"அவவும் இரண்டு பொம்பிளைப் பிள்ளையளும். மூண்டு பேர், ஐயா. அவரையும் சேர்த்தால் நாலு."

பேனை மூடியைக் கழற்றினார். "மற்ற இரண்டு செயலாளர்மாரும் ஒத்துக்கொண்டால் நாலெண்டாலும் எனக்குச் சரி." நான் எழுதிய புதுப் படிவத்தில் ஆக்கள் தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்தை வைத்தார். வழுக்கிப் போகிறதில் மனுசன் கெட்டிக்காரர்.

சுன்னாகத்திலிருந்து புத்தூர் எட்டுக் கிலோமீற்றர். பனங்கட்டியோடு ஒரு தேநீர், நாலு ரூபா. அங்கிருந்து வல்லை வெளி வரை காற்று முதுகில், மிதிக்கவே தேவையில்லை. அந்த வெளியில் மூன்று கிலோமீற்றருக்கு ஒரு மர நிழல் கிடையாது. 8.20க்கு உடுப்பிட்டி. மொத்தம் இருபது கிலோமீற்றர், அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம்.

பரமேஸ்வரி அக்கா ஒரு சொந்தக்காரரின் மால் கொட்டிலில், சுவரில்லாத ஓலைக் கூரைக்குக் கீழே இருந்தார். விசயத்தைச் சொன்னேன். மூன்று என்று போட்டால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அலுவல் லேசாக முடியும் என்றும் சொன்னேன். எனக்குக் களைப்பு, அவ்வளவுதான்.

"மூண்டெண்டு எழுதினால் நான் ஒப்பம் வையன், தம்பி."

"அக்கா, வீடே இல்லாமல் போயிடும்."

"போகட்டும். அவர் செத்திட்டார் எண்டு நான் என்ரை கையாலை எழுதித் தரேலாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் மிதித்து வந்தவனுக்கு வராதா? ஆனால் வாதாடவும் தெம்பில்லை. உடுப்பிட்டிப் பக்கத்துச் செயலாளரிடம் இருவரும் போனோம். அவர் படிவத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "காணி கொடிகாமத்திலை எல்லோ. அவை சரியெண்டால் எனக்கும் சரி," என்று கையெழுத்து வைத்தார். நாலு என்பது கல்லுச் சுமைபோல ஆளாளுக்குக் கைமாறிக் கொடிகாமத்தின் தலையில் போய் விழுந்தது.

அக்கா தன் சைக்கிளில், நான் என்னுடையதில். நெல்லியடியில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. ஒட்டுக்குப் பதினைந்து ரூபா, முக்கால் மணி நேரம். அங்கிருந்து கொடிகாமம் பதினேழு கிலோமீற்றர், காற்று முகத்தில். வரணியில் இறங்கி உருட்டினேன். அக்கா இறங்கவில்லை. திரும்பிப் பார்த்து, "மெல்ல வாங்கோ, நேரம் கிடக்கு," என்றார். நேரம் கிடக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். கொடிகாமத்துச் சந்தையைத் தாண்டும்போது மணி 1.10. சந்தை கலைந்து, தரையில் வாழையிலைச் சருகுதான் கிடந்தது.

கொடிகாமத்துச் செயலாளர் கண்டிப்பான ஆள் என்று பெயர். உறுதியை வாங்கி, எல்லைகள் வரைக்கும் முழுவதும் வாசித்தார். பிறகு படிவம்.

"ஆக்கள் தொகை ஏன் எழுதேல்லை?"

நான் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"அவர் எங்கை?"

"தெரியாது, ஐயா."

"மரணப் பத்திரம் இருக்கோ?"

"இல்லை."

"எடுக்கிற யோசனை இருக்கோ?"

"இல்லை," என்றார் அக்கா. சத்தமாகச் சொன்னார்.

முடிந்தது என்றே நினைத்தேன். நாற்பது கிலோமீற்றர் வீண். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, கந்தோரிலை ஒரு ஆளைக் குறைக்க ஒரு பேப்பர் வேணும். அந்தப் பேப்பர் இவவிட்டை இல்லை. அப்ப நான் எப்பிடிக் குறைக்கிறது?"

பேனையை எடுத்து வெறுமையான கட்டத்தில் 4 என்று எழுதினார். பக்கத்தில் சின்ன ஒப்பம். அக்காவிடம் படிவத்தைத் திருப்பி, விண்ணப்பகாரர் ஒப்பம் என்ற இடத்தைக் காட்டினார். அக்கா தன் பெயரை முழுதாக, அவசரமில்லாமல் ஆறுதலாக எழுதினார். வெளியே வந்தபிறகுதான் அழுதார். ஆளுக்கொரு தேநீரும் வடையும் வாங்கினேன், பதினாலு ரூபா. அந்த நாளின் மொத்தச் செலவு முப்பத்து மூன்று.

திரும்பும் வழி சாவகச்சேரி, கைதடி, கோப்பாய் என்று முப்பது கிலோமீற்றர், முழுவதும் எதிர்க்காற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு நாள் கந்தோருக்குப் போகவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: ஆவணியில் போகாதீர்கள், தை மாசியில் போங்கள். ஆறு மணிக்கு முன் கிளம்பினால் வல்லை வெளியை வெயிலுக்கு முன் கடக்கலாம். தண்ணீர் இரண்டு போத்தல். ஒட்டுச் சாமான் கையோடு இருக்கட்டும். கொடிகாமம் சந்தை பார்க்க வேண்டுமென்றால் பத்து மணிக்குள் நிற்க வேண்டும், அதற்குச் சுற்றை மறுபக்கமாகத் தொடங்குங்கள்.

1994 ஆனியில் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். நான் போகவில்லை, அத்தனை தூரம் மிதிக்க மனமில்லை. போனது 1995 ஐப்பசியில், சண்டை நெருங்கி, சுன்னாகம் உட்பட வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தபோது. நான், மனைவி, கைக்குழந்தை, மாமா, மாமி. மழைக்குள் கொடிகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான். இரண்டாவது அறையில் ஏற்கெனவே ஆறு பேர். அக்கா அவர்களைச் சுவரோடு ஒதுங்கச் சொல்லி எங்களுக்குப் பாய் விரித்தார். நான் எழுத விரும்பாத அந்த ஓர் ஆளின் இடத்தில் பதினொரு பேர் இருந்தோம்.

"அவர் வந்தால் மட்டும்," என்றார் அக்கா, விளக்கைத் தணித்துக்கொண்டு, "கொஞ்சம் நெருங்கிப் படுங்கோ."