ஆறு கெண்டையும் மத்தியானச் சோறும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆலங்குடியிலிருந்து பஸ் பிடித்து நான் வேலைக்குப் போய்வரும் தொடக்கப்பள்ளியில் இது சுவருக்குக்கூடத் தெரியும். அந்த வியாழக்கிழமை வந்த கோபத்துக்குக் காரணம் சோற்றுப் பருக்கை.

அஞ்சாம் வகுப்புக்கு வாழிடம், உணவுச் சங்கிலி என்று பாடம். படத்தில் புல்லை மான் தின்ன, மானைச் சிங்கம் தின்றது. எங்கள் ஊரில் சிங்கத்துக்கு எங்கே போக? பள்ளிக்கூடத்துப் பழைய சிமெண்டுத் தொட்டியில் கண்மாய்த் தண்ணீரை ஊற்றிப் பாசியைப் போட்டோம். வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலில் ஆறு கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து வந்தாள். பாசியைக் கொசுப்புழு தின்னும், புழுவை மீன் தின்னும் என்று வரைந்து சுவரில் ஒட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பெருமை தாங்கவில்லை.

டெங்கு தடுப்புக்காக ஊர் முழுக்கத் தொட்டி பார்த்து வரும் அக்கா புதன்கிழமை வந்தார். டார்ச் அடித்தார். தொட்டி பூராவும் புழு நெளிந்தது. மீன்கள் தம்பாட்டுக்கு அடியில் கிடந்தன.

"என்னங்க டீச்சர், மீனையும் வச்சுக்கிட்டுப் புழுவையும் வளக்குறீங்க? திங்கக்கெழமை வாரேன். அப்பவும் இருந்தா தொட்டியக் கவுத்துருவேன், கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் மத்தியானம் குட்டு வெளிப்பட்டது. பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு தொட்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பிடி சோறு போடுகிறார்கள். முட்டை மஞ்சள் வேறு! உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. மீன் எப்படிப் புழுவைத் துரத்தும்?

"அறிவிருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

மீன் கொண்டுவந்தவள்தான் வாய் திறந்தாள். "நாம மட்டும் திங்க, அதுக பாத்துக்கிட்டே இருக்குமா டீச்சர்?"

"திங்கக்கெழமை வரைக்கும் ஒரு பருக்கை விழக் கூடாது. விழுந்துச்சு, தொட்டியும் கெடையாது, மீனும் கெடையாது!"

"செத்துப்போயிரும் டீச்சர்" என்று அழுதாள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் குழம்பு. ஜெகதாப்பட்டினத்துக் கடல் மீன். ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று சொன்னால் பொய். மூன்று துண்டு சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் நினைப்பு தொட்டிக்குப் போனது. அந்தப் பிள்ளை சொன்னமாதிரி ஆகிவிட்டால்?

திங்கட்கிழமை எனக்கு முன்பே அவள் தொட்டியருகே நின்றாள். "ஆறும் இருக்கு டீச்சர்." அப்பாடா! பத்து மணிக்கு அந்த அக்கா வந்து டார்ச் அடித்தார். மூலை மூலையாகத் தேடினார். ஒரு புழு இல்லை.

"சுத்தமா இருக்குங்க டீச்சர்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

"புழு பூரா தீந்துபோச்சே டீச்சர். இனிமே இதுக எதைத் திங்கும்?"

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவளை நானே தொட்டிக்குக் கூட்டிப்போனேன்.

"ஒரே ஒரு பருக்கைதான், என்ன?" என்றேன்.

தட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"ஆறு பேரு இருக்காக டீச்சர்" என்றாள்.